ரஞ்சனி அக்கா முகர்ந்து சொன்ன விஸ்கி

மரியரஞ்சனி அக்கா மது குடிக்காதவர். ஆனால் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, இது இப்படிப்பட்டது என்று சொல்வது அவருடைய வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்குப் பல வருடங்கள் பிடித்தன. அவருடைய கணவர் அருளானந்தன் அண்ணைக்கு அதைவிடக் கூடக் காலம் பிடித்தது.

ஒஸ்லோவில், அம்மருட்டில், நாங்களும் அவர்களும் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். அக்கா மன்னார்ப் பக்கம். அண்ணைக்கு ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. அவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழுவை நடத்துபவரும் அவர்தான். அக்கா முதலில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தார். அங்கே மீன் வந்து இறங்கினால் பெட்டியைத் திறக்கும் முன்பே தலைமைச் சமையல்காரர் அக்காவைத்தான் கூப்பிடுவாராம். எந்தப் பெட்டி ஒருநாள் பழசு என்பதை அக்கா மூடியின் விளிம்பில் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்.

பெரிய பெரிய பாத்திரங்களைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. வேலை தேடித் தரும் அலுவலகத்தில், பாரம் தூக்காத வேலை என்று சொல்லி, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் இருந்த அரச மதுக்கடைக்கு அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நோர்வேயில் வைனும் விஸ்கியும் அரசாங்கக் கடையில் மட்டும்தான் வாங்கலாம். நாட்டவர்கள் அதைச் செல்லமாகப் 'போலே' என்பார்கள். எங்கள் ஆட்கள் ஊர்ச் சாராயக்கடையின் பெயரால் 'தவறணை' என்றார்கள். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், ரஞ்சனிக்குத் தவறணையில் வேலையாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அக்காவும் கேட்டார். கேட்டுவிட்டு, தன் கையில் இருந்த வடைத் தட்டை அவர்களிடமே நீட்டினார்.

அருளானந்தன் அண்ணை போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. கடைச் சட்டையோடு வீட்டுக்கு வரவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா நல்ல கடலோடி; ஆனால் கரைக்கு வந்தால் குடிதான். அம்மா வாங்கிய அடியைப் பார்த்து வளர்ந்த மனிதர் அவர். கலியாண வீடுகளில்கூடப் போத்தல் இருக்கும் மேசைப் பக்கம் திரும்ப மாட்டார். அக்கா இதை ஒருநாளும் வாதமாக்கவில்லை. வேலை முடிந்ததும் கடையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு, அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

கடையில் அக்கா முதலில் போத்தல்களைத் தட்டுகளில் அடுக்கினார்; பிறகு காசாளராக இருந்தார். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லும் இடத்துக்கு வரவேண்டுமென்றால் சுவைத்துப் பார்க்கும் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதவேண்டும். அக்கா போனார். ஒரு மிடறு வாயில் எடுத்து, உருட்டிப் பார்த்து, பக்கத்தில் வைத்திருக்கும் கிண்ணத்தில் துப்பிவிடுவது அந்த வகுப்பின் ஒழுங்கு. வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணையின் முகம் இறுகிவிட்டது. அப்போது உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் நிலூஜாதான் இடையில் வந்தாள்.

"அப்பா, அம்மா குடிக்கேல்லை. ஸ்மாக்கே பண்ணுறா, ருசி மட்டும் பாக்கிறா. நீங்கள் கறிக்கு உப்புப் பாக்கிறேல்லையா, அதுமாதிரி."

உப்புப் பார்ப்பது வேறு என்று அண்ணை சொன்னாராம். 

அந்த வகுப்பில் அக்காவுக்கு வந்த கஷ்டம் யாரும் எதிர்பார்க்காதது. மூக்கு எல்லாவற்றையும் பிடித்தது. ஆனால் பிடித்ததற்குப் பெயர் இல்லை. ஆசிரியை ஒரு குவளையைக் கொடுத்து, இதில் வெட்டிய வைக்கோல் வாசம் இருக்கிறதா, கறுப்புத் திராட்சை போன்ற ஒரு புதர்ப்பழத்தின் வாசம் இருக்கிறதா, பிர்ச் மரப்பட்டை இருக்கிறதா என்று கேட்பார். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். அக்கா பிர்ச் பட்டையை முகர்ந்ததே இல்லை. அவருக்கு அங்கே வந்ததெல்லாம் ஊறப்போட்ட புளி, வெயிலில் காயும் வலை, தேங்காய் மட்டை, கராம்பு. அதைச் சொன்னால் மற்றவர்களுக்கு விளங்காது.

ஆகவே அக்கா நோர்வேயை முகரத் தொடங்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். வேலைக்குப் போகும் வழியில் வேலியோரச் செடிகளைக் கிள்ளிப் பார்ப்பார். கடைத்தொகுதியில் இருக்கும் சப்பாத்துக் கடைக்குள் போய்த் தோல் சப்பாத்து ஒன்றை எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்திருப்பார். காவல்காரர் ஒருமுறை வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று சந்தேகத்தோடு கேட்டாராம். பென்சில் சீவலை, புதுக் கயிற்றை, ஈரக் கல்லை, தேவாலயத்தில் உட்காரும் வாங்கின் வார்னிஷை எல்லாம் அவர் விடவில்லை. கூட வேலை செய்த ஒரு பெண் தன் தகப்பனின் பழைய மரப் பனிச்சறுக்குப் பலகைகளைக் கொண்டுவந்து, கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் வைத்து, அவற்றில் பைன் மரத்தாரைப் பூசி, சிறிய தீச்சுவாலையால் சுட்டுக் காட்டினாள். அந்தக் காலத்தில் பலகைகளுக்கு அப்படித்தான் தார் ஏற்றுவார்களாம். அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தபோது அவருடைய தலைமுடி முழுக்கப் புகை வாசம். அவர் அதைக் கழுவாமல் ஒருநாள் அப்படியே வைத்திருந்தார்.

அமெரிக்க விஸ்கி வந்த வகுப்பில்தான் அவர் முதன்முதலாகப் பெயர் தெரிந்த வாசங்களைச் சந்தித்தார். குவளையை மூக்குக்குக் கொண்டுபோனதும் பனங்கட்டி, கராம்பு, கறுவா எல்லாம் வரிசையாக நின்றனவாம். ஆசிரியை அதற்கு விளக்கம் சொன்னார். அமெரிக்காவில் புது ஓக் மரத்தில் பீப்பாய் செய்து, உட்பக்கத்தை நெருப்பில் கருக்கி, அதற்குள் சாராயத்தை ஊற்றி வைக்கிறார்கள். கருகிய மரத்தின் இனிப்பும் நிறமும் அதில் இறங்கும். ஆனால் பழசாகப் பழசாக எல்லாம் மேல் என்று நினைக்கக்கூடாது. கெண்டக்கியின் கோடை வெக்கையில் கூடக் காலம் கிடந்தால் மரம் சாராயத்தைத் தின்றுவிடும், கசப்பு ஏறிவிடும். பதினைந்து, பதினெட்டு வருடங்கள் தாண்டி நல்லபடியாக வருவது அருமை.

அக்கா பரீட்சையில் சித்தியடைந்து, ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்தார். அங்கேதான் ஒட்வாரைச் சந்தித்தார்.

ஒட்வார் எழுபது தாண்டிய நோர்வேக்காரர். டிராம் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். அம்மருட்டில் எங்களுக்கு அடுத்த மாடிக்கட்டடத்தில் தனியே இருந்தார். சனிக்கிழமைகளில் மகள் அவரைக் காரில் ஸ்ட்ரோம்மனுக்குக் கூட்டிவருவாள். ஒருநாள் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் அவர் விலை கூடிய ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, இது நல்லதா என்று கேட்டிருக்கிறார். அக்கா அதை வாங்கி மேலே வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் இருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்து, மற்றது பெட்டிக்காகத்தான் விலை என்றாராம். அதன்பிறகு அவர் அக்கா நிற்கும் நாள் பார்த்துத்தான் வருவார். பஸ்ஸில் கண்டாலும் தொப்பியைத் தூக்குவார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவரைக் காணவில்லை. அம்மருட் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில் பனிக்கட்டியில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்து கோப்பி போட்டபோது, கோப்பிக்கு மணமே இல்லை. சவர்க்காரத்துக்கு இல்லை. குப்பைக்கும் இல்லை. மூக்கில் இருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கலாம் என்றும், இந்த வயதில் திரும்பி வருவது கடினம் என்றும் மருத்துவர் சொன்னார். நாக்கில் இனிப்பும் உப்பும் புளிப்பும் கசப்பும் தெரியும். மற்றதெல்லாம் வெறும் சூடு, வெறும் ஈரம்.

வசந்தம் வந்ததும் ஒட்வார் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. அக்கா மற்ற வாடிக்கையாளரை அனுப்பும்வரை ஓரமாகக் காத்திருந்து, பிறகு தன் கதையைச் சொன்னார்.

அவருக்கு ரெய்டார் என்று ஒரு தம்பி. ஐம்பதுகளில் கப்பலில் வேலைக்குப் போனவன். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. அலைந்து திரிந்து கெண்டக்கிக்குப் போய், ஒரு வடிசாலையில் பீப்பாய்கள் அடுக்கும் கிடங்கில் வேலை பிடித்து, அங்கேயே குடும்பமாகிவிட்டான். எண்பதுகளின் கடைசியில் தாயின் அடக்கத்துக்கு ஊர் வந்தபோது ஒரு போத்தல் விஸ்கி கொண்டுவந்தான். பதினெட்டு வருடம் பீப்பாயில் கிடந்தது. அடக்க வீட்டில் வேண்டாம், அடுத்தமுறை வரும்போது இருவருமாக உடைப்போம் என்று ஒட்வார் அலமாரியில் வைத்தார். ரெய்டார் பிறகு வரவில்லை. கெண்டக்கியிலேயே இறந்துபோனான். இப்போது, இந்தக் கோடையில், ரெய்டாரின் மகள் முதன்முறையாக நோர்வேக்கு வருகிறாள். அவளுக்கு அந்தப் போத்தலை ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது ஒட்வாரின் ஆசை.

"ஆனால் அது நல்லாய் இருக்கிறதா, பழுதாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது," என்றார் ஒட்வார். "மகளிடம் கேட்டால் நல்லது என்பாள். மருமகனிடம் கேட்டாலும் நல்லது என்பான். என்மேல் இரக்கம். எனக்கு இரக்கம் வேண்டாம். நீங்கள் வந்து முகர்ந்து, உள்ளதைச் சொல்வீர்களா?"

அக்கா உடனே சரி சொல்லவில்லை. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்று மாலை அக்கா அண்ணையிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். தைத்துக் கொடுப்பதற்காக நிலூஜாவின் பாவாடையை வாங்கிவரப் போயிருந்தேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை. ஒட்வாருக்கு நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டதைச் சொன்னார். அண்ணை கையில் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசனுக்கு ஒண்டும் மணக்காதோ?"

"ஒண்டும் மணக்காதாம்."

"சாப்பாடுமோ?"

"ஓம். மீனும் மட்டையும் ஒண்டுதானாம்."

அண்ணை எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு, தனியே ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குச் சாராயம் பார்க்கப் போவது சரியில்லை, தானும் வருகிறேன் என்றார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல், பூசை முடிந்து, இருவரும் போனார்கள். அங்கே நடந்ததை அக்கா எனக்குச் சொன்னார். பிறகு அண்ணையும் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒட்வார் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, மேசைக்குப் புது விரிப்பு விரித்திருந்தார். அண்ணைக்காக அப்பிள் சாறு வாங்கி வைத்திருந்தார். போத்தல் மேசை நடுவில் நின்றது. விஸ்கி கழுத்துக்குக் கீழே, தோள்வரை இறங்கியிருந்தது. இவ்வளவு காலத்தில் தக்கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போயிருக்கிறது. அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே மனம் சோர்ந்துவிட்டது. தக்கையை மெதுவாகத் திருப்பினார். அது பாதியில் உடைந்து, மிச்சம் தூளாகி உள்ளே விழுந்தது. ஒட்வாரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

அக்கா பதறவில்லை. கோப்பி வடிகட்டும் தாள் இருக்கிறதா என்று கேட்டு, அதை ஒரு கண்ணாடிக் குடுவையின் வாயில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடித்தார். விஸ்கி தூய்மையாக இறங்கியது. பழைய செப்பு நிறம். அதில் இருந்து சிறிதளவை ஒரு குவளையில் ஊற்றி, மூக்குக்குக் கொண்டுபோனார்.

ஈரமான கடதாசிப் பெட்டி. பூட்டிக் கிடந்த அலமாரி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

மறுபடி முகர்ந்தார். அதே தூசி. ஒட்வார் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், நல்லாய் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தனக்குத் தோன்றியதாக அக்கா சொன்னார். அந்த மனிதர் எப்படியும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அமெரிக்காவில் இருந்து வரும் பெண்ணும் மரியாதைக்கு நல்லது என்பாள்.

"இப்ப நல்லாய் இல்லை," என்றார் அக்கா நோர்வே மொழியில். "பழைய அலமாரி மணம்தான் வருகிறது. ஆனால் இவ்வளவு காலம் மூடிக் கிடந்திருக்கிறது. கொஞ்சம் மூச்சு விடட்டும். பிறகு திரும்பப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன்."

ஒட்வார் தலையாட்டினார். ஏமாற்றத்தை மறைக்கவோ என்னவோ, வாஃபில் சுடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். அண்ணையும் பின்னால் போனார். வாஃபில் சுடும் இரும்பைப் பிடித்தபடி ஒட்வார், கருகினால்கூட இப்போது தனக்குத் தெரிவதில்லை, புகையைக் கண்ணால் கண்டால்தான் உண்டு என்றாராம். அண்ணை அவருடைய கையில் இருந்து கரண்டியை வாங்கி, தானே மாவை ஊற்றினார். மணம் வந்ததும், இப்ப எடுக்கலாம் என்று சொன்னார். இரண்டு பேரும் அப்படியே ஒரு தட்டு நிறையச் சுட்டு முடித்தார்கள். ஒட்வார் தம்பியைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார், அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்.

வாஃபிலோடு அவர்கள் திரும்பி வந்தபோது அக்கா குவளையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"வருகுது," என்று தமிழிலேயே சொன்னார். பிறகுதான் ஒட்வார் பக்கம் திரும்பினார்.

இனி அவர் சொன்னதை ஒட்வார் ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொண்டார். தூசி போய்விட்டது என்றார் அக்கா. முதலில் வருவது எரித்த சீனி. அதற்குப் பின்னால் நோர்வேக்காரர் பாண் ரொட்டியில் சீவி வைக்கும் பழுப்புச் சீஸின் இனிப்பு மணம். உலர்ந்த செரிப்பழம். தோடம்பழத் தோலின் ஆரஞ்சு மணம். கராம்பு, அதிகம் இல்லை. பிறகு தார்.

"என்ன தார்?" என்று ஒட்வார் கேட்டார்.

"மரப்பலகைக்குப் பூசிச் சுடுகிற தார். பனிச்சறுக்குப் பலகைக்கு."

ஒட்வார் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தார். தாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஹெட்மார்க்கில், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தகப்பன் ஒவ்வொரு முன்பனிக்கும் அப்படித்தான் தார் ஏற்றுவார் என்றும், தம்பி எப்போதும் நெருப்புக்குக் கிட்டப் போய் நின்று ஏச்சு வாங்குவான் என்றும் சொன்னார். அந்த மணத்தை நினைவில் கொண்டுவர முயற்சிப்பதுபோல மூச்சை இழுத்தார்.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அதற்கு நோர்வேச் சொல் இல்லை என்றார் அக்கா. பனை மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் செய்வது, பெயர் பனங்கட்டி. ஒட்வார் அதைச் சொல்லிப் பார்த்தார். 'பானங்காட்டி' என்று வந்தது. அண்ணை திருத்தினார். மறுபடியும் அப்படியே வந்தது.

முகர்ந்து முடிந்தது. இனிச் சுவைக்க வேண்டும். அக்கா கைப்பையைத் திறந்து, கடையில் பழகிய வழக்கப்படி துப்புவதற்குக் கொண்டுவந்திருந்த கடதாசிக் கோப்பையை எடுத்தார். அப்போதுதான் அருளானந்தன் அண்ணை தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரஞ்சனி, துப்பாதேயும்."

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அது அந்த மனுசன்ரை தம்பி குடுத்தது. முன்னால வைச்சுத் துப்பினால் வடிவில்லை. விழுங்கும்."

அக்கா ஒரு சிறு மிடறு எடுத்தார். வாயில் வைத்திருந்தார். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சாராயத்தின் காரத்தால் மட்டுமல்ல என்று என்னிடம் சொன்னார்.

இப்போது கடினமான பகுதி வந்தது. மூக்கில் அவ்வளவு அழகாக இருந்தது, வாயில் மெலிந்துவிட்டது. இனிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. கடைசியில் நின்றது கசப்பு. நெடுநேரம் தேயிலையை ஊறவிட்ட சாயத் தண்ணியின் கசப்பு, நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தது. ஒட்வார் கேட்டது உள்ளதை. அக்கா உள்ளதைச் சொன்னார். மணம் மிக உயர்ந்தது, தன் வேலையில் இப்படி ஒன்றை முகர்ந்ததில்லை. ஆனால் இது பீப்பாயில் இரண்டு மூன்று வருடம் கூடக் கிடந்துவிட்டது. மரம் ஏறிவிட்டது. கடைசி கசக்கிறது.

ஒட்வார் போத்தலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

ரெய்டார் சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார். கிடங்கின் மேல்தட்டில், கூரைச்சூடு படும் மூலையில், ஒரு பீப்பாயை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. விற்க ஏலாது என்று அதைப் போத்தலில் அடைத்துக் கிடங்கு ஆட்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். 'கொஞ்சம் கசக்கும் அண்ணா, என்னை மாதிரி' என்று ரெய்டார் சொல்லித்தான் போத்தலை நீட்டினானாம்.

"எனக்கும் ஊற்றுங்கள்," என்றார் ஒட்வார்.

அக்கா ஊற்றினார். அவர் பழைய பழக்கத்தில் குவளையை மூக்குக்குக் கொண்டுபோய், பிறகு வீண் என்று இறக்கி, ஒரு மிடறு குடித்தார். காரம் தெரிந்தது. இனிப்பு ஒரு கணம் தெரிந்தது. பிறகு அது வந்தது.

"கசக்கிறது," என்றார். நாக்கின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்கே. உங்களுக்கும் இங்கேதானா?"

"ஓம், அங்கேதான்," என்றார் அக்கா.

"அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் குடித்தது ஒன்றுதான்."

விழுந்த நாளில் இருந்து மற்றவர்கள் சாப்பிடுவது ஒன்று, தான் சாப்பிடுவது வேறொன்று என்ற நினைப்போடுதான் மேசையில் இருந்ததாக அவர் சொன்னார். அக்கா அந்தக் கசப்பை மறைத்து, நல்லது என்று சொல்லியிருந்தால், அந்த மிடற்றைக் குடித்துவிட்டுத் தன் நாக்கும் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். இதை அக்கா சொல்லவில்லை. அருளானந்தன் அண்ணைதான், வேலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு விளக்கிச் சொன்னார்.

போகும்போது அக்கா ஒழுங்குகள் சொல்லிக் கொடுத்தார். வடித்ததைச் சுத்தமான சிறு போத்தலில் வாய்வரை நிரப்பி, இறுக்கி மூடி, வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும். ஆட்கள் வருவதற்கு நல்ல நேரம் முன்னதாகவே ஊற்றி வைக்கவேண்டும். குவளைக்கு ஒருசில துளி தண்ணீர் விட்டால் கசப்பு கொஞ்சம் அடங்கும்.

ஆடி மாதம் ரெய்டாரின் மகள் வந்தாள். உயரமான, உரத்த குரல் கொண்ட பெண். கெண்டக்கியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒட்வார் அக்காவையும் அண்ணையையும் கூப்பிட்டிருந்தார். பலகாரம் தூக்க உதவியென்று நானும் போனேன். பால்கனியில் வெயில். ஒட்வார் எல்லாருக்கும் ஊற்றினார், அண்ணைக்கு அப்பிள் சாறு. பிறகு தன் குவளையை மூக்குக்குப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில், அந்த விஸ்கியை விவரிக்கத் தொடங்கினார். எரித்த சீனி, பழுப்புச் சீஸ், செரிப்பழம், தோடம்பழத் தோல், கராம்பு, தார். வரிசை மாறவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் குவளையை முகர்ந்து, ஆம், ஆம் என்றாள். தார் என்றபோது தகப்பனுடைய சிறுவயதுக் கதையையும் கேட்டாள். அவளுக்கு அது அதுவரை தெரியாது.

கடைசியாக ஒட்வார், 'பானங்காட்டி' என்றார்.

அது என்ன என்று அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா விளக்க வாயெடுக்கும் முன் அருளானந்தன் அண்ணை எழுந்துவிட்டார். கீழே இறங்கி, அடுத்த கட்டடத்துக்குப் போய், தன் வீட்டுச் சமையலறையில் இருந்து ஒரு பனங்கட்டியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். அது பொதிந்திருந்த ஓலைப்பெட்டியை உரித்து, கரண்டிக் காம்பால் உடைத்து, ஒரு துண்டை அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். இதைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்துப் பாருங்கள் என்று சைகையால் காட்டினார். வாழ்க்கையில் யாருக்கும் ஒரு சொட்டு மது ஊற்றிக் கொடுக்காத மனிதர், விஸ்கிக்குக் கடிக்க என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கடித்தாள், குடித்தாள். பிறகு பெரியப்பாவின் தோளில் கை போட்டாள். பனங்கட்டியின் இனிப்பு ஒட்வாருக்கும் தெரிந்தது. அவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

அந்தக் கோடைக்குப் பிறகு அண்ணை ஒருநாள், கடைச் சட்டையை ஏன் கைப்பைக்குள் சுருட்டுகிறீர், கசங்குது என்று சொன்னார். அக்கா அடுத்த நாளில் இருந்து அதைப் போட்டுக்கொண்டே வந்தார். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்திலும் கதை மெதுவாக மாறியது. வெள்ளைக்கார முதலாளிக்கு என்ன போத்தல் கொடுக்கலாம், மகளின் நோர்வே மாமனாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டு, முன்பு சிரித்தவர்களே அக்காவைத் தனியே கூப்பிட்டார்கள். அக்கா எல்லாருக்கும் பொறுமையாகச் சொன்னார். சிலருக்கு, உங்களுக்கு இப்போது வேண்டாம் அண்ணை, வீட்டுக்குப் போங்கோ என்றும் சொன்னார். அவர் சொன்னால் கேட்டார்கள்.

ஒட்வாருக்குக் கால் தளர்ந்தபின் மகள் அவரை ஸ்ட்ரோம்மனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். சாப்பாடு உள்ளே இறங்கவில்லை, மெலிந்துகொண்டே போனார். அக்கா வேலை முடிந்து வாரத்தில் ஓரிருமுறை அங்கே போகத் தொடங்கினார். ஒருமுறை நானும் போனேன். அன்று மீன் சூப். ஒட்வார் கரண்டியைத் தொடாமல் இருந்தார். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, நிதானமாக முகர்ந்தார்.

"வெண்ணெய் தூக்கலாய் இருக்கிறது. மீன் இன்றைக்குப் பிடித்தது. கரட் கொஞ்சம் கூட அவிந்துவிட்டது. மேலே தூவியிருக்கிற அந்தப் பச்சை இலை, டில், அது இப்போதுதான் வெட்டியது," என்றார்.

ஒட்வார் எட்டி, தட்டைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு, கரண்டியை எடுத்தார்.